பழங்குடி மொழிக்கு ஒலிப்பதிவு அறை மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழங்குடி மொழிகளை ஆவணப்படுத்துவது குறித்து உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். 2024-25 நிதிநிலை அறிக்கையில் தோடா, கோத்தா, சோளகா, காணி, நரிக்குறவர் மொழி வளங்களைப் பதிவுசெய்ய 2 கோடி ரூபாய் ஒதுக்கியதை வரவேற்று எழுதியிருந்தீர்கள். நானும் வரவேற்கிறேன். கட்டுரைக்குப் போட்டிருந்த படம்தான் என்னை எழுத உட்கார வைத்தது. ஒரு அறை, ஒரு மேசை, ஒரு மைக், எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு முதியவர்.

ஒரு மொழியைப் பதிவுசெய்வது வேறு, அது தொடர்ந்து பேசப்படும்படி செய்வது வேறு. முதல் காரியத்துக்கு மைக் போதும். இரண்டாவதற்கு, அந்த மொழியில் பேசினால்தான் நடக்கும் என்கிற மாதிரி ஒரு வேலை வேண்டும். மலையில் அந்த வேலை பெரும்பாலும் செடிகொடியோடு சம்பந்தப்பட்டது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான், ஆனால் இரண்டு வரியில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அதனால் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

நான் நீலகிரி மாவட்ட அரசுப் பள்ளிகளில் தாவரவியல் நடத்தி ஓய்வுபெற்றவள். பிறந்தது சமவெளியில். இருளர் மொழி காதில் விழுந்தால் பெரும்பகுதி புரியும், திருப்பிப் பேச நாக்கு வராது. மொழியியல் படித்தவள் இல்லை. எனக்குத் தெரிந்தது செடி மட்டும்தான், அந்தப் பக்கத்திலிருந்துதான் எழுதுகிறேன்.

மொழியைப் பதிவுசெய்ய வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு சொற்பட்டியல் இருக்கும். மோரிஸ் ஸ்வாதேஷ் என்ற அமெரிக்க மொழியியலாளர் பெயரால் வழங்குகிற பட்டியல், 207 சொற்கள் கொண்டது. கை, கால், கண், நெருப்பு, தண்ணீர், ஒன்று, இரண்டு. அதில் மரம் உண்டு, இலை உண்டு, வேர், பட்டை, விதை, பூ, புல் எல்லாம் உண்டு. ஆனால் ஒரே ஒரு செடியின் பெயர்கூடக் கிடையாது. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. உலகத்து மொழிகளை ஒப்பிட்டுப் பார்க்கத் தயாரித்த பட்டியலில் நெல்லிக்காய்க்கு இடம் இருக்க முடியாது. என் கவலை வேறு. இந்தப் பட்டியலை நிரப்பிக் கொடுத்துவிட்டால் மொழியைப் பதிவுசெய்தாயிற்று என்ற எண்ணம் வந்துவிடுகிறது. "மரம்" என்பதற்கு என்ன சொல்வீர்கள் என்று ஒரு இருளர் பெரியவரிடம் கேட்டால், எந்த மரம் என்று அவர் திருப்பிக் கேட்பார். அந்தத் திருப்பிக் கேட்பதில்தான் விஷயமே தொடங்குகிறது.

கீழ்க்கோத்தகிரிப் பக்கம் சரிவில் ஒரு இருளர் கிராமம். அங்கிருந்து பதினொன்றாம் வகுப்புக்கு வந்த மாணவி ஒருத்தி. வகுப்பில் சுத்தமான பாடப்புத்தகத் தமிழ் பேசுவாள். ஊர்க்காரத் தோழியிடம்கூட இருளர் மொழியில் பேச மாட்டாள், பேசினால் மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள். மாசி மாதம் அவள் பாட்டியோடு கிழங்கு தோண்டப் போனபோது நானும் ஒட்டிக்கொண்டேன். காட்டு வள்ளி, எங்கள் பாடத்தில் டயாஸ்கோரியா.

மழை ஓய்ந்து கொடி காய்ந்த பிறகுதான் கிழங்கு முற்றும். ஆனால் அப்போது இலை இருக்காது. இலையை வைத்து இனம் சொல்லித்தான் நான் பழகியிருந்தேன். பாட்டி காய்ந்த கொடியை இரண்டு விரலால் பிடித்து அது எந்தப் பக்கமாகச் சுற்றியிருக்கிறது என்று பார்த்தார். டயாஸ்கோரியாவில் சில இனங்கள் வலமாகவும் சில இனங்கள் இடமாகவும் சுற்றும். கல்லூரியில் அது எனக்கு இரண்டு மார்க் கேள்வி. இங்கே விவகாரமே வேறு. வலப்பக்கம் சுற்றும் டயாஸ்கோரியா ஆப்போசிடிபோலியா நல்ல கிழங்கு, ஆழமாகப் போகும், தோண்டத்தான் முதுகு ஒடியும். இடப்பக்கம் சுற்றியிருந்தால் பாட்டி உஷாராகிவிடுவார். அது ஐந்து இலைக்காரியான பென்டபில்லாவாக இருக்கலாம், மூன்று இலைக்காரியான ஹிஸ்பிடாவாகவும் இருக்கலாம். ஹிஸ்பிடாவில் டயாஸ்கோரின் என்ற நஞ்சு உண்டு. அதை வில்லை வில்லையாக நறுக்கி, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் போட்டு, நஞ்சு வெளியேறிய பிறகுதான் வாயில் வைக்க முடியும். பாட்டி மேல்மண்ணைக் கையால் விலக்கினார். ஹிஸ்பிடா அதிக ஆழத்துக்குப் போகாது. மேலாக, உருண்டையாக, உடம்பெல்லாம் வேரோடு உட்கார்ந்திருக்கும்.

இதையெல்லாம் செய்துகொண்டே பாட்டி வாய் ஓயாமல் பேசினார். கொடியை மிதிக்காதே, அந்தக் கல்லைப் புரட்டு, இப்படிக் குத்தினால் கிழங்கு உடையும், கம்பைச் சாய்த்துப் பிடி, உன் அம்மாவும் இப்படித்தான் அவசரப்படுவாள். பேத்தி முதலில் தமிழில்தான் பதில் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் அவளை அறியாமலே இருளர் மொழிக்கு மாறிவிட்டாள். எதிர்த்துப் பேசினாள், கேள்வி கேட்டாள், பாட்டியைக் கேலிகூடச் செய்தாள். எடுத்த கிழங்கின் தலைப்பாகத்தைக் கொடியோடு வெட்டி அதே குழியில் வைத்து மண்ணை மூடினார்கள். அடுத்த பருவத்துக்கு அது மறுபடி தளிர்க்கும். இந்த இடம் நம்முடையது, அந்த மேட்டுப் பக்கம் அத்தையுடையது என்ற பேச்சும் அங்கேயே நடந்தது.

கட்டளை, எச்சரிக்கை, சந்தேகம், வாக்குவாதம், உறவுமுறை, போன வருடத்துக் கதை, அடுத்த வருடத்து ஏற்பாடு. ஒரு மொழியில் என்னவெல்லாம் இருக்க வேண்டுமோ எல்லாம் அந்தக் குழியைச் சுற்றி இருந்தது. எந்தச் சொற்பட்டியலும் இதைக் கேட்காது. இதற்கு ஒரு எழுத்துமுறைகூடத் தேவைப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழங்குடி மொழிகளைப் பள்ளிக்குக் கொண்டுவருவது என்று பேச்செடுத்தாலே, எந்த எழுத்தில் எழுதுவது என்று ஆரம்பித்து அங்கேயே வண்டி நின்றுவிடும். தோடா மொழி ஒலிகளைத் தமிழ் எழுத்தில் அடக்குவது பெரும்பாடு என்பது உண்மைதான். ஆனால் கிழங்கு தோண்ட எழுத்து வேண்டாமே? அந்த விவாதம் முடியும் வரை பிள்ளைகளும் பாட்டிகளும் ஏன் காத்திருக்க வேண்டும்?

தோடர்களை எடுத்துக்கொள்வோம். 2011 கணக்கெடுப்பில் அவர்கள் ஏறக்குறைய 2,000 பேர். 10,000 பேருக்குக் குறைவாகப் பேசும் மொழிகளை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தன் மொழிப் பட்டியலில் தனியாகக் காட்டுவதில்லை, அதனால் தோடா மொழி அந்தப் பட்டியலுக்கு உள்ளேயே வராது. (இருளர் மொழி தமிழின் கீழ் சேர்த்து எண்ணப்படுகிறது. அது வேறு கதை.) தோடர் கர்ப்பச் சடங்கு ஒன்றை ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய மானுடவியலாளர் 1906இல் எழுதிவைத்திருக்கிறார். கணவன் காட்டுக்குப் போய் சொஃபோரா கிளாக்கா என்ற புதரின் கிளையை வெட்டி வில் செய்வான், ஒரு புல்லை அம்பாக்குவான். அதை மனைவியிடம் கொடுப்பான். அவள் வாங்கிக்கொண்டு, வில்லின் பெயர் என்ன என்று கேட்பாள். அவன் தன் குலத்துக்கு உரிய வில்லின் பெயரைச் சொல்வான். பிறக்கப் போகும் குழந்தைக்குத் தகப்பன் யார் என்பது அந்தக் கேள்வி பதிலில் நிலைபெறுகிறது. புதர், கை வேலை, பேச்சு, சட்டம் நான்கும் ஒரே இடத்தில் நிற்கின்றன. அந்தப் புதரை எடுத்துவிட்டால் இந்தக் கேள்வியை எதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது?

தோடர் கோயில்களின் கூரையும் அப்படித்தான். அதற்கு எரியோகிரைசிஸ் ரங்காச்சாரி என்ற புல் வேண்டும். நீலகிரியின் உயர்மலைச் சதுப்புகளில் மட்டும் வளரும் புல் அது. சதுப்பை வடித்துத் தோட்டம் போட்டோம், புல்வெளியில் சீகை என்கிற வாட்டில் மரமும் யூகலிப்டசும் நட்டோம், இன்று அந்தப் புல்லை எங்கே போய்த் தேடுவது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. கூரை வேய்வது ஆட்களை வைத்து முடிக்கிற கட்டட வேலை இல்லை. சமூகமே கூடுகிற நேரம் அது. தோடர் பாட்டு அந்தந்த நிகழ்ச்சிக்கு அந்தந்த இடத்திலேயே கட்டப்படுவது. 1935இல் உதகைக்கு வந்து தோடா, கோத்தா மொழிகளைக் கேட்டு எழுதிய மொழியியலாளர் எமனோ இதைத்தான் வியந்து வியந்து பதிவுசெய்தார். கூரை வேய்வது நின்றால் பாட்டுக் கட்டுவதற்கான ஒரு காரணம் நிற்கிறது. ஒலிநாடாவில் இருக்கும் பழைய பாட்டு பத்திரமாகத்தான் இருக்கும், புதுப் பாட்டுத்தான் வராது.

சத்தியமங்கலம் காட்டுக்கு அந்தப் பக்கம், பிலிகிரிரங்கன் மலையில் சோளகர் விஷயம் இன்னும் தெளிவு. கோடையின் தொடக்கத்தில் சருகுக்குத் தீ வைப்பது அவர்கள் பழக்கம், "தரகு பெங்கி" என்பார்கள். சருகு மட்டும் எரியும், மரம் எரியாது. 1974இல் அந்த மலை சரணாலயமானது. தீ வைப்பது குற்றமானது. அதன் பிறகு உண்ணிச்செடி காட்டை மூடியது, நெல்லி மரங்களில் புல்லுருவி ஏறியது என்று சோளகர்கள் சொல்கிறார்கள். அந்தப் புல்லுருவிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் "உப்பிலு". நெல்லிக்காய் பறிப்பதுதான் மரத்தைக் கெடுக்கிறதா என்று ஆராய்ச்சிக்காரர்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். புல்லுருவி பக்கமும் தீ பக்கமும் அவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது சோளகர் பேச்சுத்தான். 2011இல் அந்த மலையில் சோளகர்களுக்கு வன உரிமை கிடைத்தது, புலிகள் காப்பகத்துக்குள் அப்படிக் கிடைத்தது இந்தியாவிலேயே அதுதான் முதல். என்றாலும் சருகுத்தீ வைத்தே பார்க்காத ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. அவர்களுக்கு அந்தச் சொல் தாத்தா சொன்ன கதையில் வரும் சொல்.

வெளிநாட்டு ஆய்வு இல்லாமல் எதையும் ஏற்காத வாசகர்களுக்காக ஒன்று. 2021இல் காமரா-லெரெட், பாஸ்கோம்ப்டே என்ற இருவர் வட அமெரிக்கா, வடமேற்கு அமேசான், நியூ கினி ஆகிய இடங்களின் 236 பழங்குடி மொழிகளை எடுத்து, அவற்றில் பதிவான 12,495 மருத்துவத் தாவரப் பயன்பாடுகளைப் பார்த்தார்கள். முக்கால்வாசிக்கு மேல் ஏதோ ஒரே ஒரு மொழிக்காரர்களுக்கு மட்டும் தெரிந்தவை. அமேசானில் இது 91 சதவீதம். செடி அழிவதற்கு முன்பே அதைப் பற்றிய அறிவு மொழியோடு போய்விடும் என்பது அவர்கள் எச்சரிக்கை. சரி, மொழி போனால் மருந்து போகும். நம் ஊரில் இதை எல்லோரும் தலையாட்டி ஒப்புக்கொள்வார்கள், ஏனென்றால் மருந்து நமக்கு வேண்டும். அதே கயிற்றை மறுமுனையிலிருந்தும் இழுக்கலாம், செடியைப் பிடித்து மொழியை மீட்கலாம் என்பதை மட்டும் யோசிக்க மாட்டோம்.

அமெரிக்காவில் மயாமியா என்ற இனத்தார் அதைத்தான் செய்கிறார்கள். அவர்கள் மொழியைச் சரளமாகப் பேசுபவர் 1960களிலேயே யாரும் இல்லை. பழைய பிரெஞ்சுப் பாதிரிமார்கள் எழுதிய அகராதிகளிலிருந்து டேரில் பால்ட்வின் போன்றவர்கள் அதைத் தூசு தட்டி எடுத்தார்கள். மொழி ஆவணங்களில் சிதறிக் கிடந்த தாவரக் குறிப்புகளைத் திரட்டி ஒரு தனித் தரவுத்தளமே வைத்திருக்கிறார்கள். நியூசிலாந்தில் மாவோரிகள் 1991இல் தங்கள் நாட்டுச் செடிகள், உயிரினங்கள், அவை பற்றிய அறிவு மீதான உரிமை கேட்டு மாவோரிகளின் முறையீடுகளை விசாரிக்கும் வைதாங்கி தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். 2011இல் அறிக்கை வந்தபோது அதில் மாவோரி மொழிக்கென்று ஒரு தனி அத்தியாயம் இருந்தது. செடி வழக்கில் மொழி எப்படி வந்தது என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

நம் பக்கத்து அனுபவமும் ஒன்று உண்டு, அதில் பாதிதான் நல்லது. 1987இல் அகத்தியமலையில் தாவர ஆராய்ச்சியாளர் புஷ்பாங்கதன் குழுவோடு வழிகாட்டிகளாக நடந்த காணிக்காரர்கள் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டே களைப்பில்லாமல் ஏறினார்கள். கேட்டபோது தயங்கித்தான் காட்டிக்கொடுத்தார்கள். அந்தச் செடியிலிருந்து வந்ததுதான் "ஜீவனி" மருந்து. உரிமக் கட்டணத்திலும் ராயல்டியிலும் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவானது, 1997இல் அதற்கு ஒரு அறக்கட்டளையும் பதிவானது. உலகமே பாராட்டியது. செடிக்கு "ஆரோக்கியப்பச்சை" என்று புதுப்பெயர் கிடைத்தது, காணிக்காரர் வைத்த பெயர் பின்னால் போய்விட்டது. பணத்தைப் பங்கு போட்டவர்கள், அந்த அறிவு எந்தப் பேச்சில் பிள்ளைகளுக்குப் போகிறது என்பதைப் பார்க்கவே இல்லை. காணிப் பிள்ளைகள் கேரளத்துப் பக்கம் மலையாளம் படிக்கிறார்கள், இந்தப் பக்கம் தமிழ் படிக்கிறார்கள்.

அதனால் ஆவணப்படுத்தப் போகிறவர்களிடம் ஒரு விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். மருந்துச் செடியின் உபயோகத்தைக் கேட்டுப் பதிவுசெய்து இணையத்தில் போட்டுவிட்டால் அது மொழிக்குச் செய்த தொண்டு இல்லை. அடுத்த வாரமே யாராவது அதை எடுத்துக்கொண்டு போவார்கள். 2006 வன உரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, பல்லுயிர் சார்ந்த மரபறிவின் மீது சமூகத்துக்கு அறிவுசார் உரிமை உண்டு என்று சொல்கிறது. எதைப் பதிவுசெய்யலாம், யார் கேட்கலாம், எது ஊருக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதைக் கிராம சபை தீர்மானிக்கட்டும். ஒலிப்பதிவின் முதல் பிரதி ஊரில் இருக்கட்டும். மருந்தைத் தொடாமல் விட்டாலும் மொழிக்கு நஷ்டமில்லை. கிழங்கும் கீரையும் கூரைப் புல்லும் துடைப்பத்துக்கு அறுக்கும் ஈச்ச ஓலையும் போதும், வாழ்நாள் முழுக்கப் பேசலாம்.

மத்திய அரசின் மரபறிவு மின்நூலகம் என்று ஒன்று இருக்கிறது, 2001இல் தொடங்கியது. ஆயுர்வேதம், சித்தம், யுனானி நூல்களில் உள்ளதை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளில் தருகிறது. காப்புரிமைத் திருட்டைத் தடுக்க அது நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் நூலில் ஏறாத அறிவு அதற்குள் வராது. நூலில் ஏறாததற்காகத்தான் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு என்று 2002 சட்டத்தின் கீழ் ஒவ்வொரு உள்ளாட்சியிலும் தயாரிக்கச் சொன்னார்கள். அதில் உள்ளூர்ப் பெயருக்கென்று ஒரு கட்டம் உண்டு. நான் பார்த்த ஒரு பஞ்சாயத்தின் பதிவேட்டில் அந்தக் கட்டம் முழுக்கச் சமவெளித் தமிழ்ப் பெயர்கள். மூன்று பழங்குடிச் சமூகங்கள் வாழும் பஞ்சாயத்து அது. எங்கிருந்தோ பட்டியலை எடுத்து அப்படியே நகல் எடுத்திருந்தார்கள். ஒரு கிழவியிடமாவது கேட்டிருந்தால் அந்தக் கட்டம் போதாமல் தனித்தாள் ஒட்ட வேண்டியிருந்திருக்கும்.

இங்கே தமிழர்களாகிய நாம் கொஞ்சம் கூச்சப்பட வேண்டிய இடம் வருகிறது. நம் மொழிக்கு மேலிருந்து நெருக்கடி வந்தால் தெருவில் இறங்குகிறோம், அது சரிதான். மலையில் பெரிய மொழி நாம்தான். பழங்குடிப் பிள்ளைகளுக்கான உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் கொஞ்ச காலம் இருந்தேன். அங்கே "ஒழுங்காகத் தமிழில் பேசு" என்று அதட்டுவது ஆசிரியரின் கடமைகளில் ஒன்று மாதிரி நடந்தது. பிள்ளைகள் ஐந்து வயதில் விடுதிக்கு வருகிறார்கள். கிழங்குக் காலம், தேன் காலம், சீயக்காய்க் காலம் எல்லாம் பெரும்பாலும் பள்ளி நாட்களில்தான் வருகின்றன. பதினெட்டு வயதில் ஊருக்குத் திரும்பும் பிள்ளைக்குப் பாட்டியோடு பேச என்ன இருக்கும்? சாப்பிட்டாயா, தூங்கினாயா. அவ்வளவுக்குத் தமிழே போதும்.

மறுபக்கமும் உண்டு. இதை ஊர்ப் பெற்றோரிடம் சொன்னால் பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். "எங்களை மறுபடியும் கிழங்கு தோண்டச் சொல்றீங்களா டீச்சர்?" என்று ஒரு தகப்பனார் என்னிடம் நேராகவே கேட்டார். கேட்டது நியாயம். அவருக்கு மகன் வேலைக்குப் போக வேண்டும், அதற்குத் தமிழும் ஆங்கிலமும் வேண்டும். பழங்குடிப் பண்பாடு என்று உருகிப் பேசிவிட்டு இறங்கிப் போகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அவருக்கு நான் சொல்லும் பதில் பண்பாடு பற்றியது இல்லை, சம்பளம் பற்றியது.

பள்ளியில் ஓவியத்துக்கும் தையலுக்கும் உடற்கல்விக்கும் பகுதிநேர ஆசிரியர்களை அரசு வைத்திருக்கிறது. மலைப் பள்ளிகளில் செடிகொடி தெரிந்த, சொந்த மொழியில் பேசுகிற ஒரு மூத்தவரை அதே மாதிரிப் பகுதிநேர ஆசிரியராக வைக்கட்டும். கல்வித் தகுதி கேட்காமல், ஊர் காட்டும் ஆளை எடுக்க வேண்டும். பாடம் காட்டோரத்தில் நடக்கட்டும், அந்த ஒரு மணி நேரம் தமிழ் பேச வேண்டாம். மாணவன் தப்புத் தப்பாகப் பேசினாலும் பரவாயில்லை, மார்க் போட வேண்டாம். ஒடிசாவில் 2006-07இல் பத்து மொழிகளில் தொடங்கி இன்று 21 பழங்குடி மொழிகளில் ஆரம்பக் கல்வி நடக்கிறது. நாம் அந்த அளவுக்குப் போவது இருக்கட்டும், வாரம் ஒரு மணி நேரம் கொடுக்க முடியாதா?

அப்புறம் வனத்துறை. வேட்டைத் தடுப்புக் காவலர்களில் பழங்குடி இளைஞர்கள் நிறைய. அவர்கள் வேலையே காட்டைப் படிப்பதுதான். சூழல் சுற்றுலா வழிகாட்டிகளும் அப்படியே. இந்த வேலைகளுக்கு ஆள் எடுக்கும்போது, தன் மொழியில் நூறு செடிகளை அடையாளம் சொல்லி அவற்றின் பருவத்தையும் சொல்லத் தெரிந்தவருக்கு முன்னுரிமை என்று ஒரு வரி சேர்த்தால் போதும். தேர்வு நடத்துவது ஊர்ப் பெரியவர்களாக இருக்கட்டும். மொழி தெரிந்ததற்காக வேலை கிடைத்தது என்று ஒரே ஒரு பையனைக் காட்டிவிட்டால், அந்தத் தகப்பனார் மகனைத் தானே பாட்டியிடம் அனுப்பிவைப்பார். உண்ணிச்செடி அகற்றும் பணிக்கு இப்போது கோடிக்கணக்கில் செலவாகிறது. அகற்றிய இடத்தில் எதை நட வேண்டும், அங்கே முன்னால் என்ன இருந்தது என்று பேச இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. நாற்றுப் பண்ணையில் ஒவ்வொரு பையிலும் அறிவியல் பெயரோடு இருளர், குறும்பர், சோளகர் பெயரையும் எழுதிவைக்கலாம். அதற்குத் தனி நிதி எல்லாம் வேண்டாம், ஒரு மார்க்கர் பேனா போதும்.

ஒலிப்பதிவே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எமனோவும், இருளர் மொழியை ஆராய்ந்த செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபிலும் எழுதிவைக்காமல் போயிருந்தால் இன்று எத்தனையோ காணாமல் போயிருக்கும். பதிவுசெய்யட்டும். ஆனால் முதியவரை அறைக்குள் உட்கார வைக்காமல், மைக்கைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் காட்டுக்குப் போகட்டும், கூட அவர் பேரப்பிள்ளையும் வரட்டும். அந்தப் பிள்ளைக்கும் நாள்கூலி கொடுக்கட்டும். காற்று இரைச்சல் பதிவாகும், பேச்சின் நடுவே பிள்ளை குறுக்கிடும், ஒலித்தரம் மோசமாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். கோத்தகிரியில் 90.4இல் ஒரு சமுதாய வானொலி பழங்குடி மொழிகளிலும் நிகழ்ச்சி நடத்துகிறது. ஊர் சம்மதித்த பேச்சை அதில் ஒலிபரப்பினால் அதே வாரம் பக்கத்து ஊரில் அதைப் பற்றிச் சண்டை போடுவார்கள், "எங்க ஊர்ல அப்படிச் சொல்ல மாட்டோம்" என்று. அந்தச் சண்டை நடக்க வேண்டும் என்றுதான் இவ்வளவும் சொல்கிறேன்.

உங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். சிறுவர் பக்கத்தில் வாரம் ஒரு செடி படம் போடுகிறீர்கள். நீலகிரி, ஈரோடு, கோவைப் பதிப்புகளிலாவது அந்தச் செடிக்கு மலை மக்கள் வைத்திருக்கும் பெயரையும் கேட்டுப் போடுங்கள், எந்த ஊரில் கேட்டது என்ற குறிப்போடு. பெயர் சொன்னவருக்கு அந்த வாரப் பிரதியை அனுப்பிவையுங்கள்.

கிழங்குக் காலம் தை பிறந்ததும் தொடங்கிவிடும். பள்ளிப் பிள்ளைகள் பெரியவர்களோடு காட்டுக்குள் போய்வர வனத்துறையும் கல்வித்துறையும் சேர்ந்து ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். மார்கழி முடிவதற்குள் அது வந்து சேர்ந்தால் இந்தப் பருவத்திலேயே ஆரம்பிக்கலாம். தாமதமானால் அடுத்த தை வரை எதுவும் செய்ய முடியாது, ஏனென்றால் மழையில் கிழங்கு தோண்டுவதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்